குதிரையின் உயரம்

தஞ்சாவூரில் வீணை பழுதுபார்த்து வந்த செண்பகத்திடம் சூசைராஜ் தொழில் கற்க வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. அதுவரை கதவும் ஜன்னலும் செய்தவர். குருவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

தனியாக அவர் செய்த முதல் வேலை கோமளாம்பாளின் வீணை. ஒரே பலாமரத்தில் குடைந்தது. நாற்பது வருடங்களுக்கு முன் செண்பகத்தின் தகப்பனார் செய்தது. பக்கவாதத்தில் கோமளாம்பாளுக்கு இடது கை விழுந்துபோக, வீணை நான்கு வருடம் உறைக்குள் கிடந்தது. இப்போது விரல்கள் கொஞ்சம் அசைகின்றன.

"பழையபடியே ஆக்கிக் கொடுங்கோ" என்று அவருடைய மகன் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சூசைராஜ் துருப்பிடித்த கம்பிகளைக் கழற்றினார். அதே கனத்தில் புதுக் கம்பி கட்டி, பழைய சுருதிக்கே முறுக்கேற்றினார். மீட்டினால் பட்டறையே அதிர்ந்தது.

கோமளாம்பாள் மகனோடு வந்து உட்கார்ந்தார். விரலை வைத்து அழுத்தினார். கம்பி அடியிலிருந்த பித்தளை மெட்டைத் தொடவில்லை. இன்னும் அழுத்தினார். நகம் வெளுத்தது. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"வீணை நன்னாத்தான் இருக்கு. எனக்குத்தான் முடியலை. உறையிலேயே போட்டுடுங்கோ."

செண்பகம் வீணையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கம்பிகளைத் தளர்த்தினார். அவற்றைத் தாங்கி நிற்கும் குதிரையை எடுத்து, அதன் அடிமரத்தில் அரத்தை வைத்தார்.

சூசைராஜ் பதறிப்போனார். "அம்மா, அது ஐயா செதுக்கினது. தேய்ச்சா திரும்ப வராது."

"வராது, அண்ணே."

தேய்த்தார். வைத்துப் பார்த்தார். குதிரையின் உயரம் குறைந்து கம்பி மெட்டை நெருங்கும்வரை மறுபடி தேய்த்தார். மெல்லிய கம்பிகளைக் கட்டி, சுருதியை ஒரு கட்டை இறக்கினார்.

கோமளாம்பாள் விரலை வைத்தார். ஒரு ஸ்வரம் வந்தது. அடுத்தது தயங்கி வந்தது. மூன்றாவதை அவர் வெகுநேரம் தேடினார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

அவர்கள் வீணையோடு போனபின் சூசைராஜ் சொன்னார்:

"நாதம் பாதியாக் குறைஞ்சுபோச்சும்மா."

"ஆமா."

"ஐயா இருந்திருந்தா இதைத் தாங்கியிருப்பாரா?"

செண்பகம் அரத்தைத் துடைத்து வைத்தார்.

"இந்த வீணைக்கு மரம் அறுக்கறதுக்கு முன்னாடி, அப்பா ரெண்டு நாள் அவங்க வீட்டுல போய் உட்கார்ந்திருந்தாராம், அண்ணே. அவங்க விரலைப் பார்க்கத்தான்."