இனிமேல் என்ற ஒரு சொல்

இந்தப் புதிரை அவிழ்க்கக் கணக்குத் தெரிய வேண்டாம். கோபப்படத் தெரிந்தால் போதும்.

தாமிரபரணிக் கரையோரம் ஒரு பெண்கள் கல்லூரி. இறுதியாண்டு ஆங்கில இலக்கிய மாணவிகளுக்கு அங்கே ஒரு பழைய நாடகம் பாடம். கடல் கடந்த நாட்டில், பக்தி முற்றிப்போன ஓர் ஊரில், சில பெண்பிள்ளைகள் கைகாட்டியவர்களையெல்லாம் சூனியக்காரர்கள் என்று பிடித்துத் தூக்கில் போட்ட கதை. பேயோடு பேசியதாக ஒப்புக்கொண்டால் உயிர் பிழைக்கலாம், மறுத்தால் கயிறு. சுகிர்தா மேடம் இதை நடத்தும்போது கண் கலங்குவார். பொய்க்குக் கையெழுத்துப் போடாமல் செத்தவனைப் பற்றிய கேள்வி பரீட்சைக்கு முக்கியம் என்று குறித்துக்கொள்ளவும் சொல்வார்.

சண்முகவடிவு, பெனிட்டா, இசக்கியம்மாள் மூவருக்கும் விடுதியில் ஒரே அறை. ஒரு மாலை மொட்டைமாடியில் அந்த நாடகத்தின் விசாரணைக் காட்சியைச் சத்தம்போட்டு நடித்துப் பார்த்தார்கள். பேய் பிடித்தவளாகப் பெனிட்டா அலறினாள். நன்றாகவே அலறினாள்.

மறுநாள் கல்லூரி விழா. சிறப்பு விருந்தினர் வரத் தாமதம். காலைச் சாப்பாடு இல்லாமல் இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்தப்பட்ட பிள்ளைகளில் நாலு பேர் மயங்கி விழுந்தார்கள். வெயில்தான் காரணம் என்றால் முதல்வரம்மா அல்லவா பதில் சொல்ல வேண்டும்? "நேத்து மாடியில இதுங்க பேயக் கூப்பிட்டுச்சு" என்று யாரோ சொல்ல, அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பேய் வந்து மறுத்துப் பேசப்போவதில்லையே!

மூவரும் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். இல்லாவிட்டால் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது. வாசகத்தையும் முதல்வரம்மாவே சொன்னார்: "பேயைக் கூப்பிடுவது போன்ற செயல்களில் நான் இனிமேல் ஈடுபட மாட்டேன்."

சுகிர்தா மேடமிடம் ஓடினார்கள். "வெறும் சம்பிரதாயம்மா. எழுதிக் குடுத்துட்டுப் படிக்கிற வேலையப் பாருங்க" என்றார் அவர். வடிவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம் கண் கலங்கிய அதே முகம்தான்!

பெனிட்டா சொன்னபடி எழுதினாள். படிப்பு நின்றால் கல்யாணம்தான் என்று அவள் மாமா ஏற்கெனவே சொல்லியிருந்தார். எழுதிவிட்டு அழுதாள்.

வடிவு பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். 'இனிமேல்' என்று எழுதினால் இதுவரை செய்தேன் என்று ஆகிவிடும். அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால்? 'பேயைக் கூப்பிடுவது போன்ற செயல்களில் நான் ஈடுபட மாட்டேன்.' அப்பட்டமான உண்மை. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முதல்வரம்மா கையெழுத்தை மட்டும் பார்த்துவிட்டு ஹால் டிக்கெட்டை நீட்டினார். ஏமாற்றிவிட்டோம் என்று வடிவுக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

இசக்கி வெறும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"ஏட்டி, நீயும் அந்த ஒரு சொல்ல விட்டுட்டு எழுதிரு. அவங்க வாசிக்கவே இல்ல" என்றாள் வடிவு.

"வாசிக்காதவங்களுக்கு எதுக்குட்டி எழுதணும்?"

பரீட்சையன்று காலை இசக்கியின் அப்பாவை வரவழைத்தார்கள். டவுன் பஸ் கண்டக்டர். காக்கிச் சட்டையோடு வந்து கை கட்டி நின்றார். முதல்வரம்மா இரண்டு கடிதங்களையும் தூக்கிக் காட்டினார். "கூடச் செஞ்ச ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க. உங்க பொண்ணுக்கு மட்டும் திமிரு."

அவர் மகள் பக்கம் திரும்பினார். "ஏளா, இந்த வேலைக்கு எதுக்குப் போன?" என்றார். குரல் உடைந்துவிட்டது.

வராந்தாவில் நின்ற வடிவுக்கு அது கேட்டது. முதல்வரம்மாமேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. பரீட்சைக்கு இன்னும் பத்து நிமிஷம்.

பயந்துபோய்ப் பொய்யை எழுதிக் கொடுத்தாள் பெனிட்டா. பொய் எழுதாமலே தப்பித்தாள் வடிவு. எழுதவே மறுத்து ஒரு வருஷத்தை இழக்கப்போகிறாள் இசக்கி. இதில் யார் செய்தது சரி?

விடை: இசக்கி என்பீர்கள், சரிதான். பெனிட்டாவின் பயத்தை மன்னிப்பீர்கள், நானும் மன்னிக்கிறேன். வடிவின் கெட்டிக்காரத்தனத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அவள் எழுதியது உண்மைதான், ஆனால் படிப்பவர் அதைக் குற்ற ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளட்டும் என்றே எழுதிய உண்மை. அது அவளைக் காப்பாற்றியது. இசக்கிக்கு எதிரான சாட்சியாகவும் ஆகிவிட்டது. இதை வடிவுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பரீட்சை மணி அடித்தபோது அவள் முதல்வரம்மாவின் அறைக்குள் நின்றுகொண்டிருந்தாள். "என் கடிதத்த இசக்கி அப்பா முன்னால சத்தமா வாசிங்க, மேடம்" என்றாள்.