இருமலுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆயர்

இங்கிலாந்து தேசத்தின் கிழக்கே, நாணலும் சதுப்பும் சூழ்ந்த ஆல்டன்மியர் நகரத்தை ஒட்டி ஒரு துறவு மடம் இருந்தது. அதன் பின்கட்டில், ஆட்டுக் கொழுப்பு கொதிக்கும் கொப்பரைக்கு எதிரே உட்கார்ந்து, மடத்துக்கு வேண்டிய மெழுகுவர்த்திகளைச் செய்துவந்தார் ஓஸ்பர்ட் சாமி. திரியைக் கொழுப்பில் முக்கி எடுப்பார், ஆறவிடுவார், மறுபடி முக்குவார். ஒவ்வொரு முக்கலுக்கும் ஒரு ஜெபம். அந்த நாற்றத்துக்கு அஞ்சி யாரும் பக்கத்தில் வருவதில்லை என்பதால், ஜெபத்துக்கு இடைஞ்சலும் இல்லை.

இடைஞ்சல் இருமல்தான். கொப்பரைப் புகை நெஞ்சில் இறங்கி, மனிதர் இருமினால் கோயில் ஜன்னல் அதிரும். மற்றத் துறவிகள் அவரைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். அவர் அதற்கும் மகிழ்ந்தார். கடைசியில் நின்றால்தான் எல்லாருடைய முதுகும் தெரியும்; யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்பது மறந்துபோகாது.

அந்தச் சமயத்தில், அந்தப் பகுதித் திருச்சபைக்கெல்லாம் தலைவரான ஆல்டன்மியர் ஆயர் காலமானார். பேராலயத்தின் பெரிய குருக்களான கில்பர்ட், ரானுல்ஃப் இருவருக்குமே ஆயராக ஆசை. குருக்களில் பாதிப்பேர் இந்தப் பக்கம், பாதிப்பேர் அந்தப் பக்கம். தூய ஆவியின் வழிகாட்டுதலை வேண்டி மடத்துக் கோயிலில் கூடினார்கள். ஆவியானவர் வருவதற்குள் பின்வரிசையிலிருந்து இருமல் வந்தது.

"யாரய்யா அது?" என்றார் கில்பர்ட்.

"மெழுகுவர்த்தி சாமிங்க. பாவம், இந்தக் குளிரத் தாண்ட மாட்டாரு," என்றார் மடத்துத் துறவி ஒருவர்.

கில்பர்ட்டும் ரானுல்ஃபும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக இருவருக்கும் ஒரே யோசனை தோன்றியது. குளிர் தாண்டாத ஒருவரை இப்போதைக்கு ஆயர் நாற்காலியில் உட்காரவைத்தால், ஆள் சேர்த்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

நீங்கள்தான் ஆயர் என்று சொன்னதும் ஓஸ்பர்ட் சாமி அழுதேவிட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்களே. எந்தத் தகுதியைப் பார்த்து என்னைக் கூப்பிடுறீங்க?"

"ரொம்ப நாள் கஷ்டப்பட வேண்டியிருக்காது சாமி," என்று அன்போடு தேற்றினார் கில்பர்ட்.

அங்கி தைப்பதற்கென்று அளவெடுக்க வந்தவன் உண்மையில் கல்லறைச் சிற்பி. ஏற்பாடுகள் அவ்வளவு திருத்தமாக நடந்தன. படித்தவர்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. இருமல் புகையால் வந்தது. ஆயராக்கியதும் கொப்பரை போயிற்று, புகை போயிற்று, பின்னாலேயே இருமலும் போயிற்று. உயிர்ப்புத் திருநாளுக்குள் ஆயரின் கன்னத்தில் இரத்தம் ஓடத் தொடங்கிவிட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் இப்படித்தான் விடிந்தது.

"ஆண்டகைக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"ஆண்டவர் புண்ணியத்துல நல்லா இருக்கேன்."

"அப்படியா," என்று சொல்லிவிட்டு கில்பர்ட்டும் ரானுல்ஃபும் தோள் தொங்க வெளியே போவார்கள்.

வருடங்கள் ஓடின. போகப்போகிறவரிடம் கேட்பானேன் என்று எந்தக் காரியத்தையும் அவரிடம் யாரும் கொண்டுவரவில்லை. ஆயர் உயர்ந்த மேசையில் தனியே உண்ண வேண்டும் என்பது அங்கே முறை. அந்த நீண்ட மேசையின் ஒரு முனையில் உட்கார்ந்து, எதிர்முனையில் இருந்த உப்புக் கிண்ணத்தைப் பார்த்தபடி அவர் சாப்பிட்டார். மடத்தில் நாற்றத்தால் தனிமை. இங்கே ஆரோக்கியத்தால் தனிமை. ஒரு பெருவிழா நாளில், இருவரின் முகவாட்டத்தைப் பார்க்கச் சகிக்காமல், மரியாதைக்காக இலேசாக இருமியும் பார்த்தார். அவர்கள் முகம் மலர்ந்ததைக் கண்டு அவருக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு, பொய்யாக இருமியது பாவமாயிற்றே என்று மூன்று நாள் உபவாசம் இருந்தார்.

தினமும் பீடத்தின் முன் மண்டியிட்டு ஒன்றையே கேட்பார். "நான் உயிரோட இருக்கிறதுல யாருக்காவது சந்தோஷம் உண்டா ஆண்டவரே? உமக்காவது?" பதில் வராது. அதனால் அவர் மனம் கசந்ததில்லை. பெரிய இடம், ஆயிரம் வேலை இருக்கும் என்று எண்ணிக்கொண்டு, மறுநாளும் போய்க் கேட்பார்.

அப்போதுதான் கடல் வழியாகக் கொள்ளைநோய் வந்தது. அக்குளில் கட்டி கண்டவர்கள் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. கில்பர்ட்டும் ரானுல்ஃபும் பழைய பகையை மறந்து, ஊரைவிட்டுத் தப்பியோட ஒரே வண்டியில் ஏறினார்கள். வெறும் வாய்ச்சொல்லாக, "ஆண்டகையும் கூட வரணும்," என்றார் கில்பர்ட்.

"நான் எப்படியும் போகப்போறவன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க. வண்டியில இடத்தை எதுக்கு வீணாக்கணும்?" என்றார் ஆயர். அதில் குத்தல் எதுவும் இல்லை. அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

வண்டி போனதும் அவர் தோல் பதனிடுகிறவர்களின் தெருவுக்கு நடந்தார். நல்ல காலத்திலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாரும் விலகும் தெரு. கொப்பரை முன் வாழ்ந்தவருக்கு அந்த நாற்றம் சொந்த ஊர் மாதிரி இருந்தது. ஒரு வீட்டில், துணி வெளுத்துப் பிழைக்கும் ஹாவிஸ் என்ற பெண், இறந்துபோன கணவனைத் தூக்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள வராதீங்க சாமி! செத்துப்போவீங்க!"

"ரொம்ப வருஷமா எல்லாரும் அதையேதான்மா சொல்றாங்க," என்றபடி குனிந்து உள்ளே நுழைந்தார்.

இருவருமாகத் தூக்கினார்கள், இருவருமாகக் குழி தோண்டினார்கள். பிறகு ஹாவிஸ் வாற்கோதுமைக் கஞ்சியை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, ஒன்றை அவரிடம் நீட்டினாள். ஆயரான பின் இன்னொருவரோடு உட்கார்ந்து அவர் உண்டது அதுவே முதல்முறை. ஏதாவது பேச வேண்டும் என்று தோன்றியது. பழக்கம் விட்டுப்போனதால் பேச்சு வரவில்லை. "கஞ்சி சூடா இருக்கு," என்றார். அவள் ஆமென்று தலையசைத்தாள்.

அறுவடைக் காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. வீடு வீடாகப் போய், சாகக் கிடந்தவர்கள் சொன்ன பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டார், கட்டிகளைக் கழுவினார், இறந்தவர்களின் கண்களை மூடிவிட்டார். ஒருநாள் அசதியில் விடிந்தது தெரியாமல் தூங்கிப்போனார். வாயிற்கதவை உடைப்பதுபோல் தட்டும் சத்தம் கேட்டு எழுந்து, ஜன்னலைத் திறந்தார். கீழே ஹாவிஸும், அந்தத் தெருவில் மிஞ்சியிருந்த அத்தனை பேரும் பனியில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இருக்காரு! சாமி உசுரோட இருக்காரு!" என்று கத்தினாள் ஹாவிஸ். கால் ஊனமான தோல்காரன் ஒருவன், பக்கத்தில் நின்றவனைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"தூங்கப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தூங்கக் கூடாதா சாமி? எங்களுக்கு உசுரே போயிருச்சு!" என்று ஒரு கிழவர் திட்டினார்.

ஆயர் ஜன்னலிலிருந்தே அவர்களைக் கும்பிட்டார். பிறகு பீடத்தின் முன் போய் மண்டியிட்டார். அன்றைக்கு அவர் எதையும் கேட்கவில்லை. "காதுல விழுந்துச்சு ஆண்டவரே," என்று மட்டும் சொன்னார்.

நோய் தணிந்தது. வண்டியும் திரும்பி வந்தது. அடுத்த கோடையில் ஒரு காலை, எந்த நோயும் இல்லாமல், மண்டியிட்டபடியே ஓஸ்பர்ட் சாமியின் உயிர் பிரிந்தது. பேராலயத்தில் துக்க மணி அடித்தபோது, ஆற்றங்கரையிலிருந்து ஈரத் துணியோடு ஓடிவந்தாள் ஹாவிஸ். கில்பர்ட் விஷயத்தைச் சொன்னார். அவள் நம்பவில்லை.

"இப்பத்தானே பார்த்தேன்! ஆத்தங்கரை ஓரமா கிழக்கால நடந்து போனாரே. கூட ஒருத்தர் போனாரு."

"கூட யாரு?"

"தெரியலைங்க. இந்த ஊரு ஆளு மாதிரி இல்ல. வெறுங்காலு."

"என்ன பேசிக்கிட்டாங்க?"

"கேக்கலைங்க. நம்ம சாமிதான் கையை ஆட்டி ஆட்டி நிறுத்தாமப் பேசிட்டுப் போனாரு. அந்த மனுசன் கேட்டுட்டே நடந்தாரு. ஒரு இடத்துல சிரிப்பு தாங்காம நின்னேபுட்டாரு. அப்புறம் சாமி தோள்மேல கையைப் போட்டுக்கிட்டு, 'ம், அப்புறம்?'னு கேக்குற மாதிரி திரும்பிப் பார்த்தாரு."

அத்தனை காலம் பேச ஆளின்றி இருந்தும் மனம் கசக்காதவரின் கதையைக் கேட்க, ஆண்டவரே நடந்து வந்தார். அந்த நடையில் நாலடி பின்னால் போகும் பாக்கியம் நமக்கும் வாய்க்கட்டும்.