சபாநாயகத்தின் பூட்டீன்

“நான் செய்யிற பூட்டீனைச் சாப்பிட ஒருத்தரும் வருகினமில்லை, அம்மா.”

வணக்கமும் இல்லை, சுகம் விசாரிப்பும் இல்லை. பனிச்சப்பாத்தில் ஒன்றைக் கழற்றி, மற்றதைக் கழற்றாமல், வாசலில் நின்றபடியே சபாநாயகம் சொன்னார்.

மொன்றியலில் உடுப்புத் தோய்க்கும் கடையொன்றின் மேல்மாடியில் இரண்டு அறை. அதுதான் தவமணி அம்மாவின் ஆச்சிரமம். அவர் சபாநாயகத்தைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவர் முன்னால் வந்தால் சபாநாயகத்தின் தலை தானாகக் குனிந்துவிடும். ஊர்ச்சங்கக் கூட்டங்களில் யாருக்கும் குனியாத தலை அது.

“மற்றச் சப்பாத்தையும் கழட்டுங்கோ, அண்ணை,” என்றார் தவமணி அம்மா. “என்ன, பூட்டீனோ? நீங்களோ?”

“ஓம், அம்மா.”

பூட்டீன் அந்த ஊர்க்காரரின் குளிர்காலத் தேவாமிர்தம். உருளைக்கிழங்கைப் பொரித்து, அதன்மேல் புதுச் சீஸ் கட்டிகளைத் தூவி, கொதிக்கும் குழம்பை ஊற்றுவார்கள். பார்வைக்கு ஒன்றும் பெரிதாக இராது. ஆனால் வெளியே பனி கொட்ட, உள்ளே குடும்பமாகச் சுற்றியிருந்து சாப்பிட்டால் எழும்ப மனம் வராது.

“ஆருக்குச் செய்தனீங்கள்?”

“மகளுக்கு, மருமகனுக்கு, பேத்திக்கு. ஞாயிறு எண்டால் என்ரை வீட்டுக்கு வாறவை. இப்ப கூப்பிட்டாலும் வருகினமில்லை. போன் எடுத்தால், ‘பாப்பம் அப்பா’ எண்டிட்டு மகள் வைச்சிடுறாள்.”

“உங்கடை பூட்டீன் சரியில்லையோ?”

“கடைப் பூட்டீன் கிட்டவும் நிக்காது, அம்மா!”

“பிறகேன் வருகினமில்லை?”

“அதுதான் எனக்கும் விளங்கேல்லை.”

பொய். அவருக்கு நன்றாகவே விளங்கியிருந்தது. மனைவி இறந்துபோன வீட்டில், தன்னந்தனியே ஒரு தட்டம் பூட்டீனுக்கு முன்னால் அவர் குந்தியிருப்பது ஏன் என்று அவருக்குத் தெரியும். வாயால் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

தவமணி அம்மா குசினிப் பக்கம் கையைக் காட்டினார்.

“எனக்கும் பசிக்குது. இஞ்சை செய்யுங்கோ.”

சபாநாயகத்துக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. குருவுக்குச் சமைத்துப் போடக் கொடுத்துவைத்திருக்க வேண்டாமா? கழற்றிய சப்பாத்துகளை மறுபடி மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார்.

*

குசினியில் ஒரு சட்டி, ஒரு தாச்சி, ஒரு தட்டம், ஒரு முள்ளுக்கரண்டி. அவ்வளவுதான்.

சபாநாயகம் கிழங்கை விரல் தடிப்பில் வெட்டித் தண்ணீரில் போட்டார். வடித்துத் துடைத்து, மெல்லிய சூட்டில் ஒருமுறை பொரித்து எடுத்து ஆறவிட்டார். தவமணி அம்மா சைவம் என்பதால் குழம்புக்கு வெங்காயமும் காளானும் வதக்கினார்.

“உந்தச் சீஸை ஏன் பிரிட்ஜுக்குள்ளை வைக்கேல்லை?”

“வைக்கக்கூடாது, அம்மா. இண்டைக்குச் செய்தது. கடிச்சால் பல்லுக்குள்ளை கீச்சிடோணும். குளிருக்கை வைச்சால் அந்தச் சத்தம் செத்துப்போகும்.”

“கெட்டிக்காரன். ஆர் பழக்கினது?”

“மருமகன். பிரதீபன். அவர் தன்ரை வீட்டிலை செய்யேக்கை பக்கத்திலை நிண்டு பாத்தனான்.”

“ஆள் எப்பிடி?”

“தங்கமான பிள்ளை, அம்மா.”

“அவர் செய்ததைச் சாப்பிட்டனீங்களோ?”

சபாநாயகம் கிழங்கை இரண்டாம் முறை எண்ணெயில் போட்டார். அது இரைந்தது. அந்த இரைச்சல் கொஞ்சம் நீண்டால் நல்லது என்று நினைத்தார்.

“சாப்பிடேல்லை.”

“ஏன்?”

“அண்டைக்குப் பசி இல்லை.”

 சபாநாயகம் கிழங்கைத் திருப்பினார். திருப்பத் தேவையில்லாத கிழங்கையும் திருப்பினார்.

“அம்மா, எல்லாரும் ஒரே தட்டத்திலை குத்திக் குத்திச் சாப்பிட்டினம். நக்கின கரண்டியைத் திருப்பியும் அதுக்குள்ளை விடுகினம். எனக்குச் சின்னனிலை இருந்தே எச்சில் சரிவராது.”

“ஓ,” என்றார் தவமணி அம்மா.

*

கிழங்கு பொன்னிறமாக வந்தது. சீஸைத் தூவி, குழம்பை ஊற்றி, தட்டத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தார். வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்.

“இருங்கோ.”

இருந்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. வாசனைக்கு வயிறு இரைந்தது.

தவமணி அம்மா ஆற அமரச் சாப்பிட்டார். சீஸ் அவருடைய பல்லில் கீச்சிட்டது. “உண்மைதான், கத்துது,” என்று சிரித்தார். ஒரு நீளக் கிழங்கைப் பாதி கடித்தார். மிச்சப் பாதியைக் குழம்பில் தோய்த்து, அதே முள்ளுக்கரண்டியில் குத்தி, சபாநாயகத்திடம் நீட்டினார்.

சபாநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை பேர் வந்து போகிற இடம். யாருக்குக் கிடைக்கும் இது?

கரண்டியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாயில் போட்டு, ஒரு சொட்டுக் குழம்பும் வீணாகாமல் கரண்டியை வழித்தார்.

“எப்பிடி?”

“பிரசாதம், அம்மா.”

“எச்சில் சரிவராதெண்டு சொன்னீங்கள்.”

வாயில் இருந்த கிழங்கு அப்படியே நின்றது.

தவமணி அம்மா கரண்டியை வாங்கி மறுபடி சாப்பிடத் தொடங்கினார். கேள்வி கேட்டவர் மாதிரியே இல்லை.

சபாநாயகம் விழுங்கினார். 

“எச்சில் இல்லை, அம்மா.”

“பிறகு?”

“சாதி.”

கனடாவுக்கு வந்தபிறகு அந்தச் சொல்லை அவர் மேடையில்தான் சொல்லியிருக்கிறார், ‘ஒழிய வேண்டும்’ என்பதோடு சேர்த்து. தனியாகச் சொன்னபோது காது எரிந்தது.

பிரதீபனின் ஆட்களை ஊரில் சபாநாயகத்தின் வீட்டார் கிணற்றடிக்கு விட்டதில்லை. மகள் நிரூபா பிரதீபனை விரும்பியபோது சபாநாயகம் மறுக்கவில்லை. தானே முன்னின்று கலியாணம் செய்துவைத்தார். அதை நாலு பேரிடம் சொல்லிப் பெருமையும் அடித்தார். ஆனால் மகள் வீட்டில் ஒருநாளும் கை நனைத்ததில்லை. விரதம் என்பார், சலரோகம் என்பார், இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்பார். பதிலுக்கு ஞாயிறுகளில் எல்லாரையும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு விழுந்து விழுந்து பரிமாறுவார். பேத்தி மிதுளாவின் பிறந்தநாளன்றுதான் தட்டிக்கழிக்க வழி இல்லாமல் போயிற்று.

“பிள்ளை தகப்பன்ரை கரண்டியாலை ஒரு வாய் எடுத்து, ‘அம்மப்பா, ஆ காட்டுங்கோ’ எண்டு நீட்டினவள். கரண்டி என்ரை சொண்டிலை பட்டிட்டுது. நான் எழும்பிப் போய்...”

“போய்?”

“குழாயடியிலை வாய் கொப்பளிச்சனான்.”

தவமணி அம்மா சாப்பிடுவதை நிறுத்தினார்.

“நான் யோசிச்சுச் செய்யேல்லை, அம்மா. கால் தானா எழும்பிப் போச்சு. கை தானாக் குழாயைத் திறந்துது.”

“பிள்ளை என்ன சொன்னவள்?”

சபாநாயகம் முகத்தை மூடிக்கொண்டார்.

“‘அம்மப்பா, எங்கடை அப்பா ஊத்தையோ?’ எண்டு கேட்டவள்.”

அதன்பிறகு நடந்ததை அவர் சொல்லவில்லை. பிரதீபன் கோபப்படவில்லை, சிரிக்கப் பார்த்தார். இதெல்லாம் பழகிப்போன ஒருவர் சிரிக்கிற சிரிப்பு அது. அதைத்தான் சபாநாயகத்தால் தாங்கமுடியவில்லை. நிரூபா தகப்பனின் குளிரங்கியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

அவர் அழுது முடியும்வரை தவமணி அம்மா காத்திருந்தார். 

சபாநாயகம் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். எல்லாவற்றையும் கொட்டியதில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

“இன்னொருக்கா எல்லாரையும் வீட்டை கூப்பிடுறன், அம்மா. மன்றாடிக் கூப்பிடுறன். என்ரை கையாலை சமைச்சு, மருமகனுக்கு முதல் போட்டு, பிறகுதான் மற்ற ஆக்களுக்கு...”

“அண்ணை, ஊரிலை உங்கடை ஐயா பிரதீபன்ரை ஆக்களுக்குச் சாப்பாடு குடுத்தவரோ?”

“குடுத்தவர், அம்மா!” சபாநாயகத்தின் முகம் மலர்ந்தது. “அள்ளி அள்ளிக் குடுத்தவர். பொங்கலுக்கு, வயல் வெட்டு முடிஞ்சால், வீட்டிலை ஒரு நல்ல காரியமெண்டால், கிடாரம் கிடாரமா. எங்கடை படலையிலை இருந்து ஒருத்தரும் வெறும் வயித்தோடை போனதில்லை.”

“அவையின்ரை வீட்டிலை சாப்பிட்டவரோ?”

சபாநாயகம் வாயைத் திறந்தார்.

மூடினார்.

வெளியே பனி தள்ளும் வாகனம் ஒன்று போனது. அதன் சத்தம் முழுதாக அடங்கும்வரை அவர் தலை நிமிரவில்லை. தானும் ஞாயிறு தோறும் அள்ளி அள்ளிப் பரிமாறியதையெல்லாம் நினைத்துப் பார்த்தார். 

தவமணி அம்மா தட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இது எனக்குக் காணும். நீங்கள் வெளிக்கிடுங்கோ.”

சபாநாயகம் எழுந்தார். குளிரங்கியைப் போட்டார். பழக்கதோசம், மேசையில் மிஞ்சியிருந்த சீஸ் பையை எடுத்துக் கக்கத்தில் வைத்தார்.

“அதை வைச்சிட்டுப் போங்கோ,” என்றார் தவமணி அம்மா.

*

மகள் வீட்டுக்குப் போகும் வழியில் கடை திறந்திருந்தது. பிள்ளைக்கு ஒரு சொக்கிலேற், மகளுக்குக் கொஞ்சம் முந்திரிகை. ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது? கதவுக் கைப்பிடியில் கை வைத்துவிட்டார்.

வைத்த கையை எடுத்துப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தார்.

பசி காதை அடைத்தது. பிரதீபன் கதவைத் திறக்காவிட்டால்? திறந்து, “என்ன மாமா?” என்று கேட்டால்? பஸ்ஸில் இருந்தபடி ஒவ்வொரு சொல்லாகக் கோத்தார். மன்னிப்பு என்றார், பிழை என்றார், வயதுபோன மனிசன் என்றார். எல்லாம் மேடைப் பேச்சு மாதிரியே வந்தது.

கதவைத் திறந்தது பிரதீபன்தான். தோளில் குசினித் துவாய்.

“மாமா?”

நிரூபா பின்னால் வந்தாள். அவள் முதலில் பார்த்தது தகப்பனின் கையை. எப்போதும் இரண்டு கையிலும் சாப்பாட்டுப் பெட்டிகளோடு வருகிறவர். இன்று கையில் ஒன்றும் இல்லை.

கோத்து வைத்த சொற்களில் ஒன்றையும் காணவில்லை.

“தம்பி,” என்றார் சபாநாயகம். “பசிக்குது. சாப்பிட ஏதும் இருக்கோ?”

பிரதீபன் அவரை உற்றுப் பார்த்தார். சிரிக்கவில்லை. அந்தப் பழைய சிரிப்பு வராதது சபாநாயகத்துக்கு எவ்வளவோ மேலாக இருந்தது.

“நாங்கள் சாப்பிட்ட மிச்சம்தான் கிடக்கு, மாமா. அதுவும் பூட்டீன். ஆறிப்போச்சு. சீஸும் இப்ப கீச்சிடாது.”

“காணும், தம்பி.”

பிரதீபன் கதவை அகலத் திறந்தார்.

மேசையில் தட்டம் இருந்தது. ஓரமெல்லாம் குழம்பு காய்ந்து, கடித்த கிழங்குகள் நாலைந்து, உறைந்துபோன சீஸ். மிதுளா கதிரையில் முழங்காலில் நின்று அதைக் கிளறிக்கொண்டிருந்தாள். அம்மப்பாவைக் கண்டதும் கிளறுவதை நிறுத்தினாள்.

சபாநாயகம் அவளுக்கு அருகில் போய் இருந்தார். வாயைத் திறந்து ஆ காட்டினார்.



மிதுளா ஒரு கிழங்கைக் குத்தினாள். தகப்பனைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். பிறகு அம்மப்பாவின் கைகளைப் பார்த்தாள். கரண்டியைத் திரும்பத் தட்டத்தில் வைத்தாள்.

“வெளியிலை இருந்துதானே வாறீங்கள், அம்மப்பா. முதல் கை கழுவிப்போட்டு வாங்கோ.”

சபாநாயகம் எழுந்து, அன்று வாய் கொப்பளித்த அதே குழாயடிக்குப் போனார்.

கழுவினார்.