மலைக்குப் போட்ட மொட்டை

ரொம்பக் காலத்துக்கு முன்னால், நெடுங்குன்றூர் நாட்டைக் குழலேந்தி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்று மரியாதைக்குச் சொல்கிறோம். பாதி நாள் தலைதான் சீவினார். தோள்வரை புரளும் சுருள்முடி அவருக்கு. அதை அவர் பார்த்துப் பார்த்து ரசித்தது மலையடிவாரத்து ஏரியில். அந்த ஏரியின் மடையைத் திறந்து மூடி, தண்ணீரைக் காத்துவந்தவள் பூவாத்தா.

"என் நாட்டிலேயே நல்ல கண்ணாடி உன் ஏரிதான்!" என்று ராஜா அவளைப் பாராட்டும்போதெல்லாம், அவைப்புலவர் புகழ்மாரியாருக்கு வயிறு எரியும். பாராட்டு என்பது தன் வாயிலிருந்து ராஜாவுக்குப் போகவேண்டிய சரக்கு. அது ராஜா வாயிலிருந்து ஒரு மடைக்காரிக்குப் போவதா?

ஒருநாள் ராஜாவுக்கு விக்கல் பிடித்தது. ஒன்பது நாள் நிற்கவே இல்லை. பத்தாம் நாள், "முருகா, இது நின்றால் உனக்கு மொட்டை போடுகிறேன்!" என்று வேண்டிக்கொண்டார். விக்கல் பட்டென்று நின்றது. அழுகை தொடங்கியது.

"என் சுருள்முடி போச்சே!"

புகழ்மாரியார் ஓடிவந்தார். "மன்னா, தலையும் உங்களுடையது, மலையும் உங்களுடையது. இரண்டில் எது பெரிது? மலைக்கு மொட்டை போட்டுவிடுவோம். பெரிதாகக் கொடுத்தால் முருகன் வேண்டாமென்றா சொல்வார்?"

ராஜாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மூவாயிரம் பேர் கோடாரியோடு மலையேறினார்கள். ஒரே மாதத்தில் மரம், புதர், புல் எல்லாம் போய், மலை வழவழவென்று நின்றது.

அப்புறம் மழை வந்தது. மலைமண் மொத்தமும் கரைந்து ஏரிக்குள் இறங்கியது. முகம் பார்க்கக் குனிந்த ராஜாவுக்குச் சேறுதான் தெரிந்தது.

"மடைக்காரி வேலையைக் கவனிக்கவில்லை, மன்னா! நாடு கடத்துங்கள்!" என்றார் புகழ்மாரியார், ஆனந்தத்தை அடக்க முடியாமல்.

"நாளைக்குள் சேறு முழுவதையும் அள்ளு. இல்லையென்றால் நாட்டைவிட்டுப் போ!" என்று, அவைக்கு வரவழைத்த பூவாத்தாவிடம் ராஜா கத்தினார்.

அந்த ஏரியை விட்டால் பூவாத்தாவுக்குப் போக்கிடம் ஏது? கண்ணில் நீர் முட்ட நிமிர்ந்தாள். எதிரே புகழ்மாரியாரின் வழுக்கை பளபளத்தது. அதையே பார்த்தாள். அழுகை எங்கேயோ போய்ச் சிரிப்பு முட்டியது.

"மகாராசா, போறதுக்கு முன்னாடி ரெண்டு கிண்ணம் சந்தனம், ரெண்டு குடம் தண்ணி, ரெண்டு தலை வேணுங்க."

"தலையா! யாருடையது?"

"ஒண்ணு புலவரய்யாவுதுங்க. இன்னொண்ணு..." ராஜாவின் சுருள்முடியைப் பார்த்தாள். "உங்களுதுங்க."

ராஜாவுக்கு விக்கல் நின்ற நாளிலிருந்து பொழுதே போகவில்லை. "கொண்டா குடத்தை!" என்றார்.

மொட்டை போட்டவர்களுக்குப் பூசுகிற மாதிரி, இரண்டு தலையிலும் சந்தனத்தை அப்பினாள். ராஜாவின் சுருளுக்குள் நன்றாகத் தேய்த்தாள். பிறகு ஆளுக்கொரு குடம் ஊற்றினாள்.

புகழ்மாரியார் தலையிலிருந்து சந்தனம் சரசரவென்று இறங்கியது. புருவம், மீசை, முத்துமாலை, பட்டு அங்கவஸ்திரம் என்று ஒன்றையும் விடவில்லை. ராஜா தலையிலிருந்தோ தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்தது. சந்தனம் முடிக்குள்ளேயே தங்கிவிட்டது.

"ஜில்லென்று இருக்கிறது!" என்று ராஜா குதித்தார்.

"மழை பெய்தால் மண் கரையத்தான் செய்யும்! ஆதியிலிருந்து அதுதானே இயற்கை!" என்று புலவர் சந்தனத்தைத் துப்பிக்கொண்டே கத்தினார்.

"வாஸ்தவந்தானுங்க. வருசா வருசம் கொஞ்சம் மண்ணு வரும். கோடையில நாங்களே அள்ளி வயலுக்குப் போடுவோம், பயிரு செழிக்கும். அது மழையோட வேலைங்க. நூறு வருசத்து மண்ணு ஒரே மழையில வந்துச்சே, அது கோடாரியோட வேலை. வேரு புடிச்சு வெச்சிருந்த மண்ணுங்க அது. முடிய எடுத்துட்டோம், சந்தனம் கண்ணுல வழியுது."

ராஜா புலவரைப் பார்த்தார், ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்தபோது வெட்கமாக இருந்தது.

"அப்படியானால் ஏரியைக் கெடுத்தது நான். பூவாத்தா, நீ எங்கேயும் போகவேண்டாம். இனி மலையில் ஒரு கிளையை ஒடிக்கவும் உன்னைத்தான் கேட்கவேண்டும். மரம் வெட்டிய மூவாயிரம் பேரும் சேற்றை அள்ளட்டும். கூப்பிடு நாவிதரை! முருகனுக்கு நேர்ந்த தலை இது."

"எனக்கு மழிக்க ஒன்றுமில்லையே, மன்னா," என்று புகழ்மாரியார் நைஸாக நழுவப் பார்த்தார்.

"மலைக்கு முளைக்க நிறைய இருக்கிறது. போய்க் கன்று நடும். முடி வளர்ந்த பிறகு இறங்கும்!"

ராஜா மொட்டையும் சந்தனமுமாகக் கோயிலை விட்டு வெளியே வந்தார். சடசடவென்று தூறல் விழுந்தது. சந்தனம் நேரே கண்ணுக்குள் இறங்கியது.

"புகழ்மாரி! சீக்கிரம் நடுமய்யா!" என்று அலறிக்கொண்டே ஓடினார்.

மலைக்கு முடி வளர இருபது வருஷம் ஆயிற்று. ஏரி பழையபடி தெளிந்த அன்று, ராஜா ஆசையாகக் குனிந்து பார்த்தார். தண்ணீரில், வயதாகி முடி உதிர்ந்துபோன அவருடைய வழுக்கைத்தலை தெரிந்தது. அதன் பின்னால் பச்சைப்பசேலென்று மலை தெரிந்தது.

"அடடா, என்ன அழகு!" என்றார்.

எதைச் சொன்னார் என்று பூவாத்தா கேட்டுக்கொள்ளவில்லை.