தாளத்தில் நிற்காத குரல்

"என் சம்சாரத்துக்குத் தாளம் நிக்க மாட்டேங்குது அம்மிணி. நீங்கதான் ஒரு வழி சொல்லோணும்."

வந்த வேகத்தில் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல், வாசலில் நின்றபடியே சென்னியப்பன் இதைச் சொன்னார்.

தாரணி நிமிரவில்லை. சிக்கிக் கிடந்த ஹெட்போன் ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்கண்ணா."

உட்கார்ந்தார்.

சிங்காநல்லூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது அவளுடைய அறை. வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறேன் என்று ஆசையாகக் கிளம்பி, பாதியில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்கள் எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேர்வார்கள். அவளுக்கு வயது முப்பதுகூட இருக்காது. ஆனால் நரைத்த தலைக்காரர்களும் அவள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்காருவார்கள். பேச்சு ரொம்பக் கம்மி. பதில் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் கீழே இறங்கி, ஒரு டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டுவிட்டு வீடு போய்ச் சேர வேண்டியதுதான்.

சென்னியப்பனும் லேசுப்பட்ட ஆள் இல்லை. மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். புகைந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினால், மோந்து பார்த்தே வியாதியைச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனுசர் ஒரு மைக்கும் கீபோர்டும் லேப்டாப்பும், பாட்டை மிக்ஸ் பண்ணுகிற சாப்ட்வேரும் வாங்கிப் போட்டால் சும்மா இருப்பாரா?

"உர்ர்னு ஒரு இரைச்சல் இருந்துச்சுங்க. சார்ஜரைப் புடுங்கிட்டு லேப்டாப்பை பேட்டரியில ஓட்டுனேன். போயிருச்சு."

"சரி."

"ரூமெல்லாம் எதிரொலி. சுத்தியும் ரஜாய்ப் போர்வையைத் தொங்க விட்டேன். போயிருச்சு."

"சரி."

"சத்தத்தை ஏத்துனா சிவப்பு விளக்கு எரிஞ்சு குரல் கிழிஞ்சுது. மைக்கைக் குறைச்சு வெச்சேன். அதுவும் போயிருச்சு."

"எல்லாம் சரியாத்தானே பண்ணியிருக்கீங்க."

"அதானுங்க நானும் சொல்றேன்! மிஷின் பக்கம் ஒரு கோளாறும் கிடையாது. கோளாறெல்லாம் துளசிமணிகிட்டத்தான்."

துளசிமணி அவர் மனைவி. சும்மா சொல்லக்கூடாது, எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் அந்த அம்மாவின் வாயில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். சட்னி அரைக்கும்போது மிக்ஸியோடு போட்டி போட்டுக்கொண்டு பாடுவாள். மிக்ஸிதான் முதலில் நிற்கும்.

கல்யாண நாளன்று சொந்தபந்தங்களுக்குப் போட்டுக் காட்டலாமே என்று அவளையே ஒரு பாட்டுப் பாட வைத்தார் சென்னியப்பன். மெட்டு அவருடையது. இரண்டு பேரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவள் பாட, பக்கத்திலேயே உட்கார்ந்து இவர் கீபோர்டு வாசித்தார். ஒரே மூச்சில் பதிவு முடிந்தது. அதற்கப்புறம் வாரக்கணக்கில் உட்கார்ந்து இழைத்தார், துடைத்தார், மெருகேற்றினார்.

"எல்லாம் முடிச்சுட்டு அவளுக்குப் போட்டுக் காட்டினேனுங்க. இங்க பிந்தற பாரு, இங்கயும் பிந்தற பாருன்னு நிறுத்தி நிறுத்திக் காட்டினேன்."

"அப்புறம்?"

சென்னியப்பனின் குரல் இறங்கியது.

"'எனக்குத் தாளமே இல்லீங்க மாமா, இது தெரியாம ஊரே கேக்கறாப்புல இத்தன வருசம் கத்திட்டு இருந்திருக்கேன்'னு சொல்லுச்சுங்க. அன்னைக்கு மூடின வாய்தான். இப்ப அடுப்படியில மிக்ஸி மட்டும்தான் ஓடுது. எனக்கு வீட்டுக்குள்ள போகவே புடிக்கறதில்ல அம்மிணி."

தாரணி ஒயரைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பாட்டை மட்டும் நேர் பண்ணிக் குடுத்துருங்க. 'பாரு புள்ள, உனக்குத் தாளம் நிக்குது'ன்னு போட்டுக் காட்டிருவேன். மறுபடி பாட ஆரம்பிச்சுரும்."

"எப்படி நேர் பண்ணுவீங்க? பண்ணிக் காட்டுங்க."

கேட்க வேண்டுமா! சென்னியப்பன் லேப்டாப்பைத் திறந்தார். திரையில் துளசிமணியின் குரல் மேடும் பள்ளமுமாக ஓடியது. தாளத்துக்குக் கோடு கோடாகக் குறி போட்டிருந்தது.

"இந்தத் திருகைத் திருப்புனா குரல் போய்க் கோட்டுல உக்காந்துக்கும். இப்பப் பாருங்க."

திருப்பினார். பாட்டைப் போட்டார். தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

"இல்ல... இன்னும் ஒரு இழை... ஆங்! வந்துருச்சு! கேட்டீங்களா? கச்சிதமா வந்து உக்காந்துருச்சு!"

தாரணி விரலை நீட்டித் திரையில் ஒரு மூலையைக் காட்டினாள்.

அந்தத் திருகுக்கு உண்டான பொத்தான் அணைந்து கிடந்தது. முதலிலிருந்தே அணைந்துதான் கிடந்தது. அவர் திருப்பினதெல்லாம் வெறும் படத்தை.

சென்னியப்பன் அசடு வழிந்தார்.

"அப்ப நான் கேட்டது என்னதுங்க?"

தாரணி எழுந்து வந்தாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். திரையை மூடிப் போர்த்தினாள்.

"ஸ்பேஸ் பட்டனைத் தட்டுனாப் பாட்டு ஓடும். துண்டை எடுக்காம கேட்டுட்டு நாளைக்கு வாங்க."

அவ்வளவுதான். மறுபடியும் ஒயரை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் படியேறி வரும்போதே அவர் முகத்தில் ஒரு ஜோர் இருந்தது.

"துண்டு போட்டுக் கேட்டாலும் தப்பு தப்புத்தானுங்க! கண்ணு பார்க்காட்டியும் காது சொல்லுதே."

"எங்கெங்க பிந்தறாங்க?"

"ரெண்டாவது அடி முடியற இடம். அப்புறம் மேலே ஏறுற இடம். அப்புறம் கடைசிச் சரணம்." தொடையில் தட்டிக்கொண்டே சொன்னார்.

"மத்த இடத்துல?"

"மத்த இடத்துல தங்கமா நிக்குது."

"தாளம் இல்லாதவங்க இடம் பார்த்தா பிந்துவாங்க?"

சென்னியப்பன் தொடையில் தட்டுவதை நிறுத்தினார்.

"குரலை மட்டும் போடுங்க. கீபோர்டு வேண்டாம்."

போட்டார். துளசிமணி தனியாகப் பாடினாள். முதலடி முடிந்தது. இரண்டாவது அடி வந்தது. அதன் முடிவில், நீட்டுவதற்கு முன்னால், அவள் ஒரு மூச்சை ஆழமாக இழுத்தாள். இத்தனை நாளும் கீபோர்டு சத்தத்தில் அமுங்கிக் கிடந்த மூச்சு அது.

சென்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாட்டைப் பின்னால் இழுத்து மறுபடியும் போட்டார். மேலே ஏறுகிற இடத்துக்கு முன்னாலும் அதே மூச்சு. கடைசிச் சரணத்திலும் அதே.

"இதென்னங்க, தெரிஞ்சே நீட்டறாளே! மூச்சை இழுத்து வெச்சுக்கிட்டு நீட்டறாளே! எதுக்கு?"

"அன்னைக்கு நீங்க வாசிச்ச கீபோர்டு எங்கண்ணா?"

"இதானுங்களே."

"இது டிக் டிக்னு தாளத்தை ஓட விட்டுட்டுத் தனியா உக்காந்து வாசிச்சது. ஒரு விரல்கூடப் பிசகலை."

அவருக்குச் சிரிப்பும் பெருமையும் தாங்கவில்லை.

"அட, கண்டுபுடிச்சுட்டீங்களே! அன்னைக்கு வாசிச்சது எனக்கே திருப்தி இல்லீங்க. புது மெட்டு பாருங்க, அங்கங்க விரல் மாட்டிக்கிச்சு. அதான் அப்புறமாச் சுத்தமா மறுபடி வாசிச்சுச் சேர்த்தேன்."

"பழசு?"

"மியூட் பண்ணி அடியில கிடக்குது. அது எதுக்குங்க?"

தாரணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"நான் போய் டீ குடிச்சுட்டு வரேன்."

செருப்பைக்கூட மாட்டாமல் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

சென்னியப்பன் புதுக் கீபோர்டை நிறுத்தினார். அடியில் கிடந்த பழசைத் திறந்துவிட்டார். குரலையும் அதையும் சேர்த்துப் போட்டார்.

இரண்டாவது அடி முடியும் இடத்தில் அவருடைய விரல் மாட்டிக்கொண்டது. அடுத்த ஸ்வரத்தைத் தேடித் தடவியது. துளசிமணி பதறவில்லை. கடைசி எழுத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல் வந்து சேர்ந்தது. அதற்கப்புறம்தான் விட்டாள். இரண்டு பேரும் சேர்ந்தே அடுத்த அடியில் கால் வைத்தார்கள்.

மேலே ஏறும் இடத்திலும் அப்படித்தான்.

கடைசிச் சரணத்தில் கை ரொம்பவே தடுமாறியது. அங்கேதான் அவள் எல்லாவற்றையும்விட நீளமாக நின்றிருந்தாள்.

மோந்து பார்த்தே கோளாறு சொல்லும் மனுசருக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. துண்டைத் தேடினார். எடுத்து முகத்தைத் துடைத்தார்.

தாரணி திரும்பி வந்தபோது ஆளையும் காணோம், லேப்டாப்பையும் காணோம். செருப்பில் ஒன்று அவருடையது, மற்றது அவளுடையது என்று மாட்டிக்கொண்டு போயிருந்தார்.

துளசிமணி கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவர் லேப்டாப்பைக் கொண்டுவந்து முறத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கேளு புள்ள."

"வேண்டாங்க மாமா. அந்தக் கண்றாவியை எத்தன தடவ கேக்கறது?"

"இந்த ஒரு தடவ. எனக்காக."

அவள் கீரையைப் பார்த்தபடியே கேட்டாள். முதலடி போனது. இரண்டாவது அடி முடியும் இடம் வந்ததும் அவள் கை நின்றது.

"இதென்ன, உங்க விரலு இங்க மாட்டிக்குது?"

"ஆமா."

பாட்டு ஓடியது.

"அட, இங்கயும்!"

"ஆமா."

"அய்யோ மாமா, இங்க பாருங்க, இங்கயும்!" அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். கடைசிச் சரணத்தைக் காது கொடுத்துக் கேட்டாள்.

"அப்ப நான்..."

"நீ எனக்காக நின்னிருக்கற. அது தெரியாம நான் என் தப்பையெல்லாம் அழிச்சுட்டு, உன் மேல பழியப் போட்டுட்டேன். உனக்குத் தாளம் இல்லைன்னு சொன்ன வாயை அடிக்கோணும்."

துளசிமணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. அதைக் காட்டிக்கொள்ளப் பிடிக்காமல் முறத்தைத் தூக்கிக்கொண்டாள்.

"நான் நின்னது எனக்கே தெரியல மாமா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சென்னியப்பன் பாட்டுப் பதிவு செய்யும் தன் அறைக்கு ஓடினார். லேப்டாப்பை மேசையில் வைத்தார். ஒரு காதில் ஹெட்போன், இன்னொரு காதில் போன்.

"அம்மிணி, ஒரே ஒரு சந்தேகம். கல்யாண நாளுக்கு எந்தக் கீபோர்டைப் போடறதுங்க? பழசுல குரல் அழகா நிக்குது. ஆனா என் வாசிப்புல தப்பு இருக்குது, பங்காளிக சிரிப்பானுக. புதுசு சுத்தம். ஆனா குரல் உக்காராது. இல்லாட்டிப் புதுசை வெட்டி, அந்த மூணு இடத்துல மட்டும் இழுத்து நீட்டி..."

போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டார்.

"அம்மிணி? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"இங்க பின்னால ஒரே சத்தமுங்க. நான் பேசறது கேக்குதுங்களா?"

"அந்தச் சத்தமும் கேக்குதுங்கண்ணா."

"அது மிக்ஸியா இருக்கும். விடுங்க. எதைப் போடறது, சொல்லுங்க."

"மிக்ஸி அப்பவே நின்னுருச்சு" என்றாள் தாரணி. "ஹெட்போனைக் கழட்டிட்டு அடுப்படிக்குப் போங்க."