முப்பத்தி நாலாம் நாள் மாம்பழம்

“டீச்சரம்மா! முப்பத்தி நாலு நாள்!”

துரைக்கண்ணு ஓடிவந்தார். ஐம்பத்தெட்டு வயதில் இந்த ஓட்டமா என்று காவலாளி கேட்டது அவர் காதில் விழவில்லை. கையில் ஒரே ஒரு மாம்பழம்.

கதிர்வீச்சுக் கூடத்தில் கோசலை நிமிர்ந்து பார்த்தார். பழங்களுக்குக் கதிர் காட்டி, கெடாமல் வைத்திருக்கும் வித்தையைத் துரைக்கண்ணுவுக்குச் சொல்லித்தருகிறவர். வயதில் இருபது ஆண்டு இளையவர்.

“ஒரு கரும்புள்ளி இருக்கா, பாருங்க!”

இல்லை. தோல் மஞ்சளித்துப் பளபளத்தது.

“மத்தப் பெட்டிகள்?”

“அதெல்லாம் முத்தினப்புறம் பறிச்சது, இருபத்தேழாம் நாளே போச்சு.”

“கப்பல் போய்ச் சேர எத்தனை நாள்?”

“இருபத்தஞ்சு. ஆனா இது முப்பத்தி நாலு! கிணத்தடி மரத்துக் காய். முத்துறதுக்குப் பன்னெண்டு நாள் முந்தியே பறிச்சுக் கதிர் காட்டினேன். அதான் சூட்சுமம்! நாளைக்கு விடிஞ்சதும் தோப்பு முழுக்க அப்படியே இறக்கச் சொல்லிட்டேன். வருஷ வெள்ளாமை மொத்தமும் கப்பலேறப் போகுது!”

கோசலை கத்தியை எடுத்தார்.

“ஐயோ, என்ன பண்றீங்க?”

“சாப்பிடப் போறேன்.”

“இருக்கிறது இது ஒண்ணுதாங்க! நாப்பதாம் நாள் நான் எதைப் பார்க்கிறது?”

“என்ன ருசி இது?”

“எடை எழுதி வெச்சிருக்கேன். நிறம் எழுதி வெச்சிருக்கேன். அமுக்கிப் பார்த்ததுகூட…”

“ருசி?”

துரைக்கண்ணு பழத்தைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தார்.

கத்தி இறங்கியது. ஆளுக்கு ஒரு துண்டு.

துரைக்கண்ணு மென்றார். மறுபடி மென்றார். நாக்கு எதையோ தேடிக்கொண்டே இருந்தது. விரலை முகர்ந்து பார்த்தார். விரல் வாசனைதான் வந்தது.

“எப்படி?”

“நனைஞ்ச அட்டைப் பெட்டியாட்டம் இருக்கு.”

“கெடவே இல்லையே!” என்றார் கோசலை.

“இன்னும் கொஞ்சம் கதிரைக் கூட்டினா, இனிப்பு வந்துடாதா டீச்சரம்மா?”

கோசலை இன்னொரு துண்டை அவர் பக்கம் தள்ளினார்.

துரைக்கண்ணு அதைப் பார்த்தார். சட்டென்று சட்டைப்பையில் கைவிட்டு போனை எடுத்தார். தோப்பிலிருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

“முனியம்மா! நாளைக்கு ஆளுங்களை மரத்துல ஏற விடாதே!”

“ஏங்க, கப்பலு?”

“அடுத்த கப்பல் இருக்கு!”

“அப்ப எந்தத் தேதி பறிக்கிறது?”

“தேதி தெரியாது. தினம் ஒரு காயை அறுத்துப் பாரு. கொட்டையைச் சுத்தி மஞ்சள் ஓடியிருந்தா முத்திடுச்சுன்னு அர்த்தம், எனக்குச் சொல்லு.”

“தினம் ஒரு காயா? வீணாப் போயிடுமே!”

“போகட்டும்டி!” என்று கூவினார் துரைக்கண்ணு.