வடம் எங்கே தொங்கும்?

மலையடியில் மங்கைநல்லாள் என்று ஒருத்தி கணக்குச் சொல்லிக்கொடுத்து வந்தாள். அவளிடம் படித்தவர்களில் கூத்தபிரான் தாடி நரைத்த பிறகு வந்து சேர்ந்தவர். படிப்பில் எப்படியோ, பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அந்த வருஷ வெள்ளம் பாலத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அக்கரையில் ஒருத்திக்குப் பேறுவலி. மருத்துவச்சி செம்பாயியோ இக்கரையில். ஊரில் மிஞ்சியது ஒரே ஒரு வடம். அதைப் பிடித்துத் தொங்கியபடி போய்விடலாம்தான். ஆனால் நடுவில் தொய்ந்து வெள்ளத்தைத் தொட்டால் வடமும் போகும், ஆளும் போவாள். எவ்வளவு தொய்யும் என்று கூத்தபிரானைக் கேட்டார்கள்.

பாரம் ஏறிய வடம் எப்படி வளையும் என்கிற விதி அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மணலில் வரைந்தார். ஒரு வளைவு வந்தது, பிறைபோல. இன்னொன்று வந்தது, பானை வயிறுபோல. வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றும் விதிக்குச் சரியாகப் பொருந்தியது.

“நீங்க கோலம் போட்டு முடிக்கிறதுக்குள்ள பிள்ளை நடந்தே இக்கரைக்கு வந்துரும் அண்ணாச்சி” என்றாள் செம்பாயி.

கூத்தபிரான் ஆசிரியையிடம் ஓடினார். “அம்மா, இதில் எது சரி?”

“எல்லாமே சரிதான்.”

“வடம் ஒன்றுதானே?”

மங்கைநல்லாள் அவர் தோள்துண்டை உருவி ஒரு முனையை அவர் கையில் கொடுத்தாள். மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டாள். துண்டு தொங்கியது. கையை உயர்த்தினாள், வளைவு மாறியது. கிட்டே வந்தாள், இன்னும் தொய்ந்தது.

“நான் எங்கே நிற்கிறேன்னு உம்ம கணக்குக்குத் தெரியுமா?”

கூத்தபிரான் மணலைப் பார்த்தார். அதில் கரையும் இல்லை, கட்டுகிற மரமும் இல்லை.

துண்டைப் போட்டுவிட்டு ஆற்றுக்கு ஓடினார். மங்கைநல்லாளும் பின்னாலேயே வந்தாள். இக்கரை மருதமரத்தின் கிளையை அளந்தார். அக்கரையில் வடம் கட்டுகிற பாறை எவ்வளவு உயரம் என்று கத்திக் கேட்டார். அது கிளையைவிட இரண்டு ஆள் உயரம் தாழ்வு. மறுபடி போட்டுப் பார்த்தபோது ஒரே ஒரு வளைவுதான் நின்றது. அது வெள்ளத்தில் முங்கியது.

அவர் விடவில்லை. கிளை கிளையாக முடிச்சை மேலே ஏற்றிக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டார். உச்சிக் கவட்டையில் வடம் தண்ணீரை விட்டு விலகியது.

“அங்கே கட்டுங்க” என்றார்.

செம்பாயி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வடத்தைப் பிடித்துத் தொங்கியபடி இறங்கினாள். அலை குதிகாலுக்குக் கீழேயே போயிற்று. அக்கரையில் கால் ஊன்றினாள்.

கூத்தபிரானுக்கு மூச்சு வந்தது. கூடவே ஒரு குறையும் வந்தது. “இத்தனை வருஷம் படித்த விதி, இரண்டு முடிச்சு இல்லாமல் ஒன்றும் சொல்லவில்லையே அம்மா. பிறகு விதி எதற்கு?”

மங்கைநல்லாள் ஆற்றைப் பார்த்தபடி சொன்னாள்:

“இரண்டு முடிச்சை மட்டும் வைத்துக்கொண்டு, நடுவில் தொங்கப் போறவளுக்கு என்ன சொல்லி அனுப்பியிருப்பீர்?”